யாருக்காக எழுதப்பட்ட விதிகள்?

ஆண்டின் முதல் தவணை தொடங்கியதும் ஆரம்பப் பாடசாலைகளிலே பெற்றோர் கையில் ஒரு தாள் கொடுக்கப்படுவது வழக்கம். காலை 7.30 மணிக்கு முன்னர் பிள்ளை பாடசாலைக்குள் இருத்தல் வேண்டும். கதவு சாத்தப்பட்ட பின் வருவோர் காரணங் கூறிக் கையொப்பமிடல் வேண்டும். சீருடை வெளுத்ததாயும் சப்பாத்துத் துடைத்ததாயும் இருத்தல் வேண்டும். கைலேஞ்சியும் தண்ணீர்ப் போத்தலும் தவறாது கொண்டுவரல் வேண்டும். கொப்பிகளுக்கு உறையிட்டுப் பெயர் எழுதல் வேண்டும். உணவுப் பெட்டியில் எண்ணெய்ப் பலகாரமும் இனிப்புப் பானமும் கூடா. வராத நாளுக்கு மறுநாட் கடிதமும், நோய் நீடித்தால் வைத்தியச் சான்றிதழும் தரல் வேண்டும். பாடசாலை கலையும்போது பிள்ளையை அழைத்துச் செல்பவர் யாரென முன்னரே எழுத்தில் அறிவித்தல் வேண்டும். முன்னறிவித்தலின்றி ஆசிரியரைச் சந்திக்கலாகாது. பெற்றோர் கூட்டத்துக்குத் தவறாது சமுகமளித்தல் வேண்டும். பாடசாலைக்குப் பாடசாலை சொற்கள் வேறுபடலாம். சாரம் ஒன்றே.

இவ்விதிகளுள் ஒன்றையேனும் தீயதென்று நாம் சொல்லவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு நேரம், தூய்மை, உணவு என்பன பழக்கத்தினாலேயே படியவேண்டும். கதவுக் கட்டுப்பாட்டைப் பற்றியோ எவரும் முறைப்படுவதற்கில்லை. 2019ஆம் ஆண்டு ஏப்ரில் 21ஆந் திகதி கொட்டாஞ்சேனைக் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலே குண்டு வெடித்த பின்னர், இந்நகரத்துத் தாய்மாரும் தந்தையரும் முறைவைத்துப் பாடசாலை வாயில்களிலே நின்று புத்தகப் பைகளைத் தடவிப் பார்த்த நாட்களை நாம் மறந்துவிடவில்லை. அறியாத ஒருவர் கையிற் பிள்ளையை ஒப்படைக்க மாட்டோம் என்று ஓர் அதிபர் கூறுவாரானால் அவரை நாம் வாழ்த்துவோம்.

நாம் கேட்பது வேறு. இத்தாளை எழுதியவர் மனக்கண்ணிலே எத்தகைய பெற்றோர் நின்றனர்? விதிகளை ஒருமுறை நிதானமாக வாசித்தால் விடை தெரியும். அங்கே நிற்பவள் பகல் முழுவதும் வீட்டிலிருக்கும் ஒரு தாய். எழுத வாசிக்க நன்கு தெரிந்தவள். கையிற் புதிய கைப்பேசி வைத்திருப்பவள். பத்து மணிக்குக் கூட்டமென்றால் பத்து மணிக்கு வரக்கூடியவள். நோய்க்குப் பணங் கொடுத்து வைத்தியரைப் பார்த்துச் சான்றிதழ் பெறக்கூடியவள். அத்தகைய தாய்மார் இருக்கிறார்கள்; அவர்களை நாம் குறைகூறவில்லை. ஆனால் கிருலப்பனையிலே தமிழ்ப் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அத்தகைய தாய் வாய்த்திருக்கிறாள்?

கொழும்புத் தமிழர் என்றதும் வெள்ளவத்தையின் மாடி வீடுகளையும் காலி வீதியின் நகைக்கடைகளையும் நினைப்பவர்கள், சிறிது உள்ளே வந்து, ஹைலெவல் வீதிக்கும் கால்வாய்க்கும் இடையே உள்ள ஒழுங்கைகளைப் பார்க்கவேண்டும். களனிவெளி இருப்புப்பாதையை அண்டியும், சந்தைக்குப் பின்புறத்திலும், கால்வாய்க் கரையிலும் ஒரு சுவரை இரு வீட்டார் பங்கிட்டு வாழும் வாழ்க்கை அங்கே நடக்கின்றது. சந்தையிலே மூட்டை தூக்குவோர், கடைச் சிப்பந்திகள், மாநகரத்தைத் துப்புரவாக்குவோர், முச்சக்கர வண்டி ஓட்டுவோர், பிறர் வீட்டிலே சமைத்துத் துவைக்கும் தாய்மார் எனப் பலதிறத்தார் அங்குளர். இவர்களிற் பலருடைய வேர் மலைநாட்டுத் தோட்டங்களிலே இருக்கின்றது. தந்தை விடியுமுன் சந்தைக்குப் போய்விடுகிறார். தாய் ஏழு மணிக்கு வெள்ளவத்தையிலோ ஹவ்லொக் நகரிலோ ஒரு வீட்டின் அடுக்களையில் நிற்கவேண்டியவள். அங்கே அந்த வீட்டுப் பிள்ளையின் உணவுப் பெட்டியை நிரப்புபவளும் அவளே. தன் பிள்ளையின் பெட்டியில் என்ன இருந்தது என்று அவளைக் கேட்பது எளிது.

விதிகளுள் மிகக் கடுமையானது தாளிலே மிகச் சிறிதாக இருக்கும்: பாடசாலை கலையும் நேரம். முதல் வகுப்புகளின் சிறுவர்கள் மேல்வகுப்பாருக்கு முன்னதாகவே கலைந்துவிடுகின்றனர். பிள்ளையைப் பெற்றுக்கொள்ளும் ஆள் அந்த நேரத்துக்கு வாயிலில் நிற்கவேண்டும். வீட்டு வேலை செய்பவளுக்கு நடுப்பகலில் இரண்டு மணி நேரம் விடுப்புத் தரும் எசமானி அரிது. எனவே மூத்த பெண்பிள்ளை தன் பாடசாலையை விட்டு நிற்கிறாள். அல்லது பக்கத்து வீட்டுக் கிழவியிடம் கெஞ்சவேண்டும். அல்லது வானுக்கு மாதந்தோறும் பணங் கட்டவேண்டும். இவை மூன்றும் இயலாதபோது தாய் வேலையை விடுகிறாள், அல்லது பிள்ளை பாடசாலையை விடுகின்றது. வருகைப் பதிவேட்டிலே இது "பெற்றோரின் அசட்டை" என்று பொருள் கொள்ளப்படும்.

மலைநாட்டுத் தோட்டங்களிலே பிள்ளைமடுவம் என்று ஒன்றுண்டு. பிள்ளைக்காம்பரா என்றும் சொல்வர். கொழுந்து பறிக்கப் போகும் தாய் தன் குழந்தையை அங்கே விட்டுச் செல்வாள். அதனைக் கட்டிய துரைமார் தருமவான்கள் அல்லர். குழந்தையைப் பார்க்க ஆளில்லாவிடிற் பெண்ணின் கை கொழுந்துக்கு வராது என்ற கணக்கை அறிந்தவர்கள், அவ்வளவுதான். அந்த மடுவங்களின் குறைகளை எழுத வேறொரு கட்டுரை வேண்டும். ஆயினும் உழைக்கும் தாய்க்குப் பகலிற் பிள்ளையைப் பார்க்க இயலாது என்ற எளிய உண்மையை, இலாபமொன்றையே கருதிய தோட்டக் கம்பனி ஒப்புக்கொண்டது. அதே தாயின் மகள் கொழும்புக்கு வந்து உழைக்கும்போது, குடிமக்களின் நலனைக் கருதுவதாகச் சொல்லும் அரசாங்கம் அதனை ஒப்புக்கொள்ள மறுக்கின்றது. பாடசாலைக் கட்டடம் பிற்பகல் முழுவதும் பூட்டிக் கிடக்கின்றது. வாங்கும் மேசையும் அங்கேயே இருக்கின்றன. குழாயில் நீர் வருகின்றது. பிள்ளை மட்டும் கால்வாய்க் கரையிலே திரிகின்றது.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. கன்னங்கராவின் முயற்சியாற் பிறந்த இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டு முதல் இந்நாட்டிலே நிலவுகின்றது. பாடநூல்கள் 1980 முதலும், சீருடைத் துணி 1993 முதலும் இலவசமாக வழங்கப்படுகின்றன. 2025ஆம் ஆண்டுக்குரிய சீருடைத் துணி சீனாவின் அன்பளிப்பாக வந்தது என்பதும், அவ்வாண்டுத் தொடக்கத்திலே அஸ்வெசும உதவி பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கொப்பி முதலியன வாங்க 6,000 ரூபா வீதம் கொடுக்கப்பட்டது என்பதும் வாசகர் அறிந்தவையே. மதிய உணவுத் திட்டம் 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் விரிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டிலே எரிபொருளின்றிப் பாடசாலைகள் மூடப்பட்டு, பின்னர் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் திறக்கப்பட்ட அவலத்தையும், அவ்வேளை எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்பதையும் கண்டவர்கள் அத்தட்டுச் சோற்றின் பெறுமதியை உணர்வர்.

ஆனால் இலவசம் என்பது வாயிற்கதவோடு நின்றுவிடுகின்றது. உள்ளே சென்றதும் மின்விசிறிக்கு ஒரு தொகை, வகுப்பறைக்கு வர்ணம் பூச ஒரு தொகை, விளையாட்டுப் போட்டிக்கு ஒரு தொகை, ஆசிரியர் தினத்துக்கு ஒரு தொகை. பெற்றோரிடமிருந்து கட்டாயமாகப் பணம் அறவிடலாகாது என்று கல்வியமைச்சு பன்முறை சுற்றறிக்கை விடுத்திருக்கின்றது. உண்மையில் எவரும் கட்டாயப்படுத்துவதுமில்லை. கொடுத்த பிள்ளையின் பெயர் வாசிக்கப்படும். கொடாத பிள்ளையின் பெயர் வாசிக்கப்படாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதற்குமேல் கட்டாயம் வேண்டுமா? பிள்ளையை அடிக்கலாகாதென 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை கூறுகின்றது. வகுப்பின் நடுவே வறுமையை வாசித்துக் காட்டுவதும் அடிதான் என்று கூறும் சுற்றறிக்கையை நாம் இன்னும் காணவில்லை.

இனி மொழிக்கு வருவோம். அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை, ஒருவர் தேசிய மொழிகளுள் ஒன்றின் மூலம் கல்வி பெறும் உரிமையைக் கூறுகின்றது. 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாக வழங்கும் இடங்களிலும் ஒரு குடிமகன் அரசாங்க உத்தியோகத்தரோடு தமிழிலே தொடர்புகொண்டு தமிழிலே மறுமொழி பெறலாம் என்கின்றது. பாடசாலை அதிபர் அரசாங்க உத்தியோகத்தர். கிருலப்பனைச் சுமைதொழிலாளி குடிமகன். ஆயினும் இரு மொழிப் பிரிவுகளும் ஒரே கூரையின்கீழ் இயங்கும் பாடசாலைகளிலே அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் வருவதுண்டு. தமிழிலே வந்தாலும், மேலிடத்திலிருந்து வந்த சிங்களத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றிய தமிழ், தமிழாசிரியருக்கே விளங்குவதில்லை. இப்பொழுது காகிதமும் குறைந்து, அறிவித்தல்கள் கைப்பேசியின் வாட்ஸ்அப் குழுவிலே இரவு ஒன்பது மணிக்கு வருகின்றன. நாளைக்கு வர்ணக் கடதாசி கொண்டுவருக என்று ஒன்பது மணிக்கு அறிவித்தால் எந்தக் கடை திறந்திருக்கும்? பொத்தான் கைப்பேசி வைத்திருப்பவளுக்கு அதுவும் கிட்டாது.

1944ஆம் ஆண்டு அரசாங்க சபையிலே சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்க வேண்டுமென்று ஜே. ஆர். ஜயவர்த்தன பிரேரணை கொணர்ந்தபோது, திருகோணமலை - மட்டக்களப்பு உறுப்பினர் வி. நல்லையா தமிழையும் சேர்க்கவேண்டுமெனத் திருத்தங் கொணர்ந்து வென்றார். பின்னர் 1956இல் வந்த சட்டம் அவ்வெற்றியைத் துடைத்தெறிந்ததும், 1987இன் 13ஆவது திருத்தத்திலே தமிழும் அரசகரும மொழியாகும் என்ற சொற்கள் ஏறியதும் வரலாறு. அத்தனை போராட்டமும் மேடைப் பேச்சுக்காகவோ பெயர்ப்பலகைக்காகவோ நடந்ததன்று. தன் பிள்ளைக்கு நாளை விடுமுறையா, பாடசாலை உண்டா என்பதை ஒரு தாய் பிறர் உதவியின்றி வாசித்தறிவதற்காகவும் நடந்தது. மொழியுரிமைக்காகக் கொடி பிடிக்கும் நம் அரசியலாளர், ஒரு தடவையேனும் இந்தத் தாளைக் கையிலெடுத்து வாசித்ததுண்டா?

தாள் கையிற் கிடைப்பதற்கே முதலில் அனுமதி கிடைக்கவேண்டும் என்பதையும் இவ்விடத்திற் சொல்லவேண்டும். முதலாந் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு அமைச்சு ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த சுற்றறிக்கைகளிலே நூற்றுக்கு 50 இடம் அண்மையில் வசிப்போருக்கு, 25 பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 அங்கே பயில்வோரின் உடன்பிறப்புகளுக்கு என்று வகுக்கப்பட்டது. அண்மையில் வசிப்பதை எவ்வாறு காட்டுவது? காணி உறுதி, பதிவுசெய்த வாடகை ஒப்பந்தம், ஐந்து ஆண்டு வாக்காளர் இடாப்பு. மூன்று தலைமுறையாகக் கால்வாய்க் கரையில் இருப்பவனிடம் உறுதி இல்லை. போரினால் வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்தவனிடம் பதிவுசெய்த ஒப்பந்தம் இல்லை. வீட்டுக்காரர் எழுதித் தரார். பாடசாலைக்கு எதிரேயே குடியிருந்தும் தூரத்திலிருப்பவனாகக் கணக்கிடப்படுகிறான். பெரும் பெயர் பெற்ற பாடசாலைகளை விட்டுச் சிறிய தமிழ்ப் பாடசாலைகளுக்கு அவன் வருவது இதனாலேயே. சிறிய பாடசாலை இகழத்தக்கதன்று. இன்று இந்நகரத்தில் ஏழைத் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழிலே எழுத்தறிவிக்கும் இடம் அதுதான்.

வசதியுள்ள தமிழர் எங்கே போயினர்? அவர்களுட் பலர் தம் பிள்ளைகளைச் சர்வதேசப் பாடசாலைகளுக்கு அனுப்புகின்றனர். 1961ஆம் ஆண்டின் சட்டம் 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பாடசாலை தொடங்குவதைத் தடுத்தது. ஆதலால் இவை கம்பனிகளாகப் பதிவுபெற்று நடக்கின்றன. அங்கே தந்தை வாடிக்கையாளர். உணவகத்தின் இடியப்பத்தில் மயிர் கிடந்தாற்போல உரத்துப் பேசலாம். முகாமையாளர் எழுந்து நின்று கேட்பார். அரசாங்கப் பாடசாலையிலோ தந்தை மனுதாரர். வாயிற்காவலர் கேட்பதற்கு விடை கூறி, பெயரெழுதி, மரத்தடியிலே காத்திருக்கவேண்டும். தாய்மார் இன்ன உடை உடுத்துத்தான் வரலாம் என்று படத்தோடு பலகை தொங்கவிட்ட பாடசாலைகளையும் இந்நாடு கண்டிருக்கின்றது.

இந்நிலைமையை மாற்றும் கருவி புதிதாகச் செய்யப்படவேண்டியதில்லை. ஒவ்வொரு அரசாங்கப் பாடசாலையிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கின்றது. அதிபர் பதவிவழித் தலைவர். பெற்றோரும் ஆசிரியரும் மட்டுமல்லர், பழைய மாணவரும் நலன்விரும்பிகளும் அதில் அங்கத்தவராகலாம். பணத்தைச் சேர்ப்பதற்கும் கூரையைத் திருத்துவதற்கும் மட்டுமே அச்சங்கம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பொதுக்கூட்டம் வேலைநாளில் நடக்கின்றது, வரக்கூடியவர் வருகின்றனர், வந்தவருள் வசதியுள்ளவர் செயற்குழுவுக்குத் தெரிவாகின்றனர், அவர்களுடைய வீட்டுக்குப் பொருந்தும் விதிகள் எல்லோருடைய வீட்டுக்கும் விதிகளாகின்றன. இதில் எவருடைய சூழ்ச்சியும் இல்லை. கூட்டத்தின் நேரமே முடிவைத் தீர்மானித்துவிடுகின்றது.

கடலுக்கு அப்பால் 2009ஆம் ஆண்டிலே இந்தியா நிறைவேற்றிய கல்வி உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிலே நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். அங்கத்தவரிற் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு அவர்தம் தொகைக்கேற்ற இடம் வேண்டும் என்று அச்சட்டம் கூறுகின்றது. ஏட்டிலுள்ளதெல்லாம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நடைமுறையில் உண்டு என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு கூலித் தொழிலாளியின் மனைவி, "எனக்கு இங்கே இடம் உண்டு" என்று சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம். அதே தமிழ்நாட்டிலே 1956ஆம் ஆண்டளவிற் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம். ஜி. ஆர். விரித்த சத்துணவும், 2022இல் வந்த காலையுணவும் ஒரே எண்ணத்தின் வளர்ச்சி: பாடசாலையின் ஒழுங்கு ஏழையின் நாளுக்கு இசையவேண்டும் என்பதே அது.

வன்னியிலும் மட்டக்களப்பிலும் இப்பத்திரிகையை வாசிக்கும் விவசாயப் பெருமக்கள், இது கொழும்பார் கதை என்று பக்கத்தைப் புரட்டவேண்டாம். பெரும்போக அறுவடை முதல் தவணையிலேதான் வருகின்றது. இயந்திரம் வந்து வயலைச் சில மணி நேரத்தில் வெட்டிவிட்டாலும், நெல்லைக் காயவிடவும் மழைக்கு மூடவும் வீட்டார் அனைவரும் வேண்டும். அந்த வாரத்திலே பெற்றோர் கூட்டம் வைத்து, வராதவர்களைப் பொறுப்பற்றவர் என்பது எந்த ஊர் நியாயம்? உங்கள் ஊர்ப் பாடசாலை நிற்கும் நிலம் உங்கள் பாட்டன் கொடுத்ததாயிருக்கலாம். 1960ஆம் ஆண்டின் இறுதியிலே அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது நிலமும் கட்டடமும் கைமாறின. பாடசாலையைப் பற்றிப் பேசும் உரிமையும் கைமாறிற்று என்று நாமே எண்ணிக்கொண்டோம். எந்தச் சட்டத்திலும் அப்படி எழுதப்படவில்லை.

வைத்தியர், சட்டத்தரணி, கணக்காளர், பொறியியலாளர் என விளங்கும் கொழும்புத் தமிழரிடம் நாம் நன்கொடை கேட்கவில்லை. தமக்கு அண்மையிலுள்ள சிறிய தமிழ்ப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்திலே நலன்விரும்பியாகச் சேர்ந்து ஆண்டுக்கு நான்கு நாள் அங்கே போய் அமரும்படி கேட்கின்றோம். கணக்காளர் கணக்கைப் பார்க்கட்டும். வைத்தியர் சான்றிதழுக்குப் பதிலாகத் தாயின் கடிதமே போதுமான நோய்கள் எவையென எழுதிக் கொடுக்கட்டும். சட்டத்தரணி 22ஆம் உறுப்புரையை எடுத்து வைத்து, அறிவித்தல்கள் தெளிந்த தமிழிலே வரவேண்டுமென வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதட்டும். ஆங்கிலத்திலே அறிக்கை விடுவதிலும் இவ்வேலை கடினமானதன்று. புகைப்படம் மட்டும் வராது.

மேல் மாகாணக் கல்வி அதிகாரிகளிடம் நாம் கேட்பவை சில. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் பிள்ளைகளை, மதிய உணவுக்குப் பின்னர் பாடசாலையிலேயே வைத்திருந்து மாலையில் அனுப்பும் ஏற்பாட்டைக் கிருலப்பனையிலே ஒரு பாடசாலையிற் செய்து பாருங்கள். அதற்காக ஏற்கெனவே உழைத்துக் களைத்த ஆசிரியைகளை மறிக்காது, சம்பளங் கொடுத்து வேறு ஆட்களை நியமியுங்கள். அப்பகுதியிலேயே படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். பிள்ளையைப் பொறுப்பேற்பவராக ஒருவர் பெயருக்குப் பதில் மூவர் பெயரைப் பதிய இடங்கொடுங்கள். பிந்தி வந்த பிள்ளையை வாயிலில் நிறுத்தாது உள்ளே விட்டுப் பின்னர் தாயிடம் காரணங் கேளுங்கள். விதித்தாளை அச்சிடுமுன் செயற்குழுவிலே சந்தைத் தொழிலாளி ஒருவரும் வீட்டு வேலை செய்யும் தாய் ஒருத்தியும் இருந்து அதனை வாசிக்கக் கேட்கட்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, செலவே இல்லாத ஒன்றைச் செய்யலாம். அடுத்த பொதுக்கூட்டத்தைப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வையாது, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வையுங்கள்.